கன்னத்தில் மணல்

எங்கள் தீவில் ஒவ்வொருவருடைய எடையும் தெரிந்த ஒரே ஆள் மரேவே. பாதிரியாரின் எடை தெரியும், தலைமையாசிரியர் மனைவியின் எடை தெரியும், தேங்காய்ச் சங்கத் தலைவர் போன வருடத்தைவிட எவ்வளவு பெருத்துவிட்டார் என்பதும் தெரியும். விமானத்தில் போகிறவர்கள் யாராக இருந்தாலும் மூட்டை முடிச்சோடு அவளுடைய தராசில் ஏறி நின்றே ஆக வேண்டும். அவள் முள்ளைப் பார்ப்பாள், காதில் செருகிய பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வாள், வாயைத் திறக்க மாட்டாள். அந்த மூடிய வாய்க்காகவே இத்தனை வருடம் அவளை அந்த வேலையில் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

விமான நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்னைகளை வெட்டிச் சமன்படுத்திய நீளமான பவள மண் தரை, ஓலைக் கொட்டகை, தராசு, மரேவேயின் கழுத்தில் தொங்கும் ஒரு விசில், அவ்வளவுதான். வானத்தில் சத்தம் கேட்டதும் அவள் விசிலை ஊதிக்கொண்டு தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவாள். பன்றிகள், நாய்கள், பந்து விளையாடும் பிள்ளைகள், சாவகாசமாகக் குறுக்கே நடக்கும் பெண்கள் எல்லாரும் ஒதுங்க வேண்டும். கனத்த உடம்பு. அவள் ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வேலையை விட்டுவிட்டு வருவதுண்டு. "உன் எடை எவ்வளவு மரேவே?" என்று யாராவது சீண்டினால், "நான் தராசுல ஏறி நின்னா முள்ளு பாக்குறது யாரு? உன் தாத்தனா?" என்பாள்.

விமானத்தில் அவள் ஏறியதே இல்லை. ஏற வேண்டும் என்ற ஆசையும் இருந்ததில்லை. கணவன் தியெம்தி காலையும் மாலையும் தென்னையில் ஏறிக் கள் இறக்குவான். மேலே போய்விட்டால் பாடாமல் இறங்க மாட்டான், அதுவும் ஊருக்கே கேட்கும்படி. பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டு பக்கத்திலேயே இருக்கிறார்கள். சாப்பிட மீன் இருக்கிறது, சீமைப்பலா இருக்கிறது, நுரை மாதிரி வெளுத்த அரிசி கப்பலில் வருகிறது. "எனக்கு என்ன குறை?" என்று அவள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். குறை ஒன்று இருந்தது. அதை அவள் எதிரில் யாரும் சொல்ல மாட்டோம்.

அன்று தெற்குக் கிராமத்தில் ஊர்க்கூடத்துக்குப் புதுக் கூரை வேய்ந்து முடித்த விருந்து. தீவில் ஓடுகிற லாரிகள் அத்தனையும் ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தன. தியெம்தியும் பாடப் போய்விட்டான். விமானம் வந்து இறங்கியபோது கொட்டகையில் மரேவேயைத் தவிர ஒரு பூனைதான் இருந்தது. தபால் பைகளோடு ஒரே ஒரு பயணி இறங்கினாள். நாற்பதைத் தாண்டிய வெள்ளைக்காரி, சிவந்த மூக்கு, அரைக்கால் சட்டை, முதுகில் ஒரு பெரிய பை.

மரேவே அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படியில் வேறு யாரும் இல்லை.

"மத்தவங்க எங்க?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மத்தவங்கன்னு யாரும் இல்ல. நான் மட்டும்தான். என் பேர் ஹெல்மி."

"புருஷன் அடுத்த விமானத்துல வர்றாரா?"

"புருஷனே இல்ல."

"அம்மா? தங்கச்சி? கூட வேலை பாக்கறவங்க?"

ஹெல்மி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். மரேவேக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாலும் கூட ஒருத்தி போவாள். ஒரு பெண் இத்தனை கடலைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறாள் என்றால் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்க வேண்டும். மரேவே அவளுடைய பையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு லுங்கியைக் கொடுத்தாள். தொடை தெரிய நடந்தால் கிழவர்கள் கண்ணை எங்கே வைத்துக்கொள்வார்கள்? பிறகு விமானத்தை அனுப்பிவிட்டுத் தபால் பைகளை அடுக்கப் போனாள்.

அடுக்கி முடித்துத் திரும்பினால் ஆளைக் காணோம். ஹெல்மி செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, லுங்கியோடு கடலில் கால் வைக்கப் போய்க்கொண்டிருந்தாள். மரேவே பன்றிக்கு ஊதுவதுபோல விசிலை ஊதினாள். ஹெல்மி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

"அப்படியே நில்லுங்க! தண்ணில இறங்கக் கூடாது! எதையும் குடிக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது!"

"ஏன், சுறா இருக்கா?"

"சுறா இருந்தா பரவாயில்ல. நீங்க இன்னும் வரலை."

"வந்துட்டேனே."

"விமானம்தான் வந்திருக்கு. நீங்க வரலை."

எங்கள் தீவுக்கு முதல்முறை வருகிறவர்கள் யாரானாலும் நேரே வடகோடிக் கல்லுக்குப் போக வேண்டும். தாழை மரத்தடியில், சுற்றிலும் சிப்பி பதித்த ஒரு நெட்டைக் கல். ஒரு கட்டிப் புகையிலையை அதன் காலடியில் வைக்க வேண்டும். கல்லைக் காக்கிற குடும்பத்து ஆள் ஈர மணலை எடுத்துக் கன்னத்தில் பூசுவார். பிறகு ஒரு இளநீர். அதற்கப்புறம் கடலில் குதிக்கலாம், வயிறு வெடிக்கச் சாப்பிடலாம், தூங்கலாம். பூசாமல் ஒரு ராத்திரி தங்கினால், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, தலையில் தேங்காய் விழுந்தாலும் சரி, அழைத்து வந்தவர் தலையில்தான் பழி விழும். பிஷப்புக்கே பூசியிருக்கிறோம்.

வழக்கமாகப் புது ஆட்களை லாரிக்காரன் பௌரோ கூட்டிப் போவான். பௌரோ விருந்தில் இருந்தான். மரேவேயிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, கடையிலிருந்து வாங்கி வைத்த ஒரு கட்டிப் புகையிலையும் இருந்தது, பொழுது சாய இன்னும் நேரமும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். வடகோடிக்குப் போகிற தைரியம்.

கல்லைக் காக்கும் கைத்தாராவின் மனைவி ரூத்தா, மரேவேயின் கூடப் பிறந்த தங்கை. இரண்டு பேரும் பேசி எட்டு வருடம் ஆகிறது. அப்பா தலைநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைக்குட்டியை அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். அன்றைய விமானத்தில் ரூத்தா ஏறி உட்கார்ந்தும் விட்டாள். பாரம் அதிகம், ஒருவர் இறங்கியாக வேண்டும் என்று விமானி சொன்னார். மரேவே படியில் நின்று, உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் தங்கையின் பெயரைச் சொன்னாள். அடுத்த விமானம் வருவதற்குள் அப்பாவைப் புதைத்துவிட்டார்கள். அன்று முதல் ரூத்தா விமானத் தரைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் படகில் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு போவாள். மரேவே வடக்கே போனதில்லை. இடுப்புக் கயிறு மாதிரி ஒடுங்கிய தீவு, இருப்பது ஒரே சாலை. அதில் இரண்டு பெண்கள் எட்டு வருடம் எதிர்ப்படாமல் இருப்பதற்கு எவ்வளவு வீம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

'கைத்தாராதான பூசுவாரு? அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துரலாம். அவ வீட்டுக்குள்ள இருந்துட்டுப் போறா' என்று மரேவே மனசைத் தேற்றிக்கொண்டாள். வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

வழியெல்லாம் விருந்துக்குப் போக முடியாத கிழவிகள் பரண் வீடுகளில் படுத்தபடி குரல் கொடுத்தார்கள்.

"மரேவே! பின்னால யாரடி அது?"

"புதுசு! கல்லுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

"கூட யாரு?"

"யாருமில்ல, தனியா வந்திருக்கா!"

"ஐயோ பாவமே! புருஷன் அடிச்சு விரட்டிட்டானா?"

இன்னொருத்தி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "குடும்பமே செத்துப் போச்சோ என்னவோ! சாயங்காலம் இங்க கூட்டிட்டு வாடி, என் பக்கத்துல படுத்துக்கட்டும்!"

"என்ன சொல்றாங்க?" என்று ஹெல்மி பின்னாலிருந்து கேட்டாள்.

"சௌக்கியமான்னு கேக்கறாங்க" என்றாள் மரேவே. கொஞ்ச தூரம் போனதும் அவளாலும் பொறுக்க முடியவில்லை. "நெசமாவே ஏன் தனியா வந்தீங்க?"

"எங்க ஊர்ல நான் பஸ் ஓட்டறேன். நாள் பூரா எனக்குப் பின்னால ஒரு கூட்டம் உக்காந்திருக்கும். வருஷத்துல ஒரு தடவையாவது பின்னால யாருமே உக்காராத ஒரு இடத்துக்குப் போகணும்னு தோணும்."

மரேவே சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாதா? இந்தத் தீவில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாத அந்த அலுப்பை, இந்தச் சிவந்த மூக்குக்காரி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள். அந்த நிமிடமே மரேவேக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

வடகோடியில் சாலை முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் கைத்தாராவின் வீடு. வாசலில் ரூத்தா மட்டும் உட்கார்ந்து, பாய்க்குத் தாழை மடல் கிழித்துக்கொண்டிருந்தாள். மரேவே வண்டியை நிறுத்தியும் இறங்கவில்லை.

"கைத்தாரா இருக்காரா?" என்று பொதுவாகக் காற்றைக் கேட்டாள்.

ரூத்தா மடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெற்குப் பக்கம் முகவாயை ஒரு தடவை நீட்டினாள். கைத்தாராவும் விருந்துக்குப் போயிருந்தான்.

அப்படியே வண்டியைத் திருப்பியிருக்கலாம். மரேவேயின் கை வண்டியின் முறுக்குப் பிடிக்குப் போய்விட்டது. ஆனால் ஹெல்மி அதற்குள் இறங்கி, மரேவே கொடுத்த புகையிலைக் கட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சர்ச்சுக்கு வந்த பிள்ளை மாதிரி ரூத்தாவின் எதிரில் போய் நின்றுவிட்டாள். புகையிலையோடு வந்தவரைக் கல்லைக் காப்பவர்கள் திருப்பி அனுப்பக் கூடாது. ரூத்தா மடலைக் கீழே வைத்தாள். கட்டியை வாங்கி, கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மடியில் செருகிக்கொண்டாள். கைத்தாராவுக்குப் பதுக்குகிறாள் என்று மரேவே நினைத்தாள். மூன்று பேரும் கல்லடிக்கு நடந்தார்கள்.

புது ஆளைப் பற்றிக் கல்லைக் காப்பவர் கேட்பார், கூட்டி வந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இரண்டு பேரில் யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"பேரு?" என்று ரூத்தா கல்லைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹெல்மி" என்று மரேவே தாழை மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எந்த மண்ணு?"

"ஃபின்லாந்துன்னு ஒரு தேசமாம். அங்க கடலு கல்லு மாதிரி உறைஞ்சு போயிருமாம். அது மேல நடந்து போவாங்களாம்."

"பொய்யி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. எட்டு வருடத்தில் முதல் பேச்சு. ரூத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைக் கடுமையாக்கினாள்.

"யாரோட வந்தா?"

"தனியா."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாதான். கூட ஒரு ஈ காக்கா இல்ல."

"யாரோட ஆளுன்னு சொல்லாம கல்லுகிட்ட நான் என்னத்தச் சொல்ல? ஆளில்லாதவளுக்கு எப்படி மண்ணு வைக்கிறது?"

மரேவே ஹெல்மியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "என்னோட ஆளுன்னு சொல்லு" என்றாள்.

ரூத்தா இப்போது ஹெல்மியின் பக்கம் முழுசாகத் திரும்பினாள். எங்கள் பேச்சில், நிதானமாக, அவளிடம் சொன்னாள். "கேட்டுக்கம்மா. நீ இவளோட ஆளாம். எதுக்கும் சாக்கிரதையா இரு. இவ தன்னோட ஆளுங்கள என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். எடம் பத்தலைன்னா மொதல்ல உன்னத்தான் இறக்கி விடுவா."

ஹெல்மி பயபக்தியோடு தலையாட்டினாள். அவளுக்கு அது ஏதோ மந்திரமாகப் பட்டிருக்கும்.

மரேவேயின் முகம் எரிந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளும் எங்கள் பேச்சிலேயே, ஹெல்மியைப் பார்த்தே பேசினாள். "நீ பஸ்ஸு ஓட்டறவ, உனக்குத்தான் புரியும். ஏறி உக்காந்த ஒருத்தர எப்படி எறங்கச் சொல்லுவ? ஒருத்தி நெற மாசம். ஒரு பையனுக்குக் காலு ஒடஞ்சிருக்கு. அன்னிக்குத்தான் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். யாரு மூஞ்சியப் பாத்தும் எறங்குன்னு சொல்ல வாய் வரல. தங்கச்சிகிட்ட மட்டும்தான் வந்துச்சு. அவ கோவிச்சுக்குவா, ஆனா நம்மள விட்டுற மாட்டா, நம்ம ரத்தம்தானேன்னு நெனச்சேன்."

"தப்பா நெனச்சா" என்றாள் ரூத்தா, ஹெல்மியிடம்.

"தப்பாத்தான் நெனச்சா" என்றாள் மரேவே, அதே ஹெல்மியிடம்.

"ஒரு தடவ வந்து இத எங்கிட்டச் சொல்லியிருந்தா என்னவாம்? எட்டு வருஷம் ஆச்சா அவளுக்கு இந்த ரோட்டுல வர? அப்பா எம்பேரச் சொல்லிக்கிட்டே போனாராம். நர்சு சொன்னா. அதச் சொல்லி அழுகறதுக்குக்கூட எனக்கு ஒரு ஆளு இல்ல."

"எனக்கு அதுகூடத் தெரியாதும்மா. எங்கிட்ட யாருமே சொல்லல. கேக்கவும் பயமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவ விமானம் வரும்போதும் அந்தப் படியப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

ஹெல்மி தலையாட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். இது மந்திரம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே நெற்றி, ஒரே சப்பை மூக்கு, அழும்போது கீழுதட்டைக் கடிக்கிற ஒரே பழக்கம். விரலால் இவளையும் அவளையும் காட்டி, "சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ரூத்தா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். வேலை வேலைதான். புகையிலைத் துண்டைக் கல்லின் காலடியில் வைத்தாள். இவள் பெயர் ஹெல்மி, என் அக்கா மரேவேயின் ஆள், நல்லபடியாகப் பார்த்துக்கொள் என்று கல்லிடம் சொன்னாள். அலை நனைத்த இடத்திலிருந்து ஒரு கை மணல் அள்ளி வந்து ஹெல்மியின் இரண்டு கன்னத்திலும் பூசினாள். சிவந்த மூக்கும் மணல் கன்னமுமாக ஹெல்மி சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். தனியாக வந்தவளுக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. இனி அவள் நினைத்தாலும் இந்தத் தீவில் தனியாக இருக்க முடியாது, பாவம்.

மரேவே வண்டியை நோக்கித் திரும்பினாள்.

"எங்க போற?" என்றாள் ரூத்தா. இப்போது ஹெல்மியைப் பார்க்கவில்லை, நேராக அக்காவைப் பார்த்தாள். மடியிலிருந்து மிச்சப் புகையிலையை எடுத்துக் கல்லடியில் வைத்தாள். மறுபடி தண்ணீருக்குப் போய் ஒரு கை மணல் அள்ளினாள்.

"ஏய், என்னடி இது? நான் இங்க பொறந்தவ. எனக்கெதுக்கு?"

"எட்டு வருஷமா இந்த மண்ணுல கால் வைக்காதவ. கல்லுக்கு உன் மூஞ்சி மறந்து போயிருக்கும். நீயும் புதுசுதான். காட்டு கன்னத்த."

உள்ளூர்க்காரிக்கு, புது ஆட்களுக்குப் பூசும் மண்ணைப் பூசுவதைப் போல ஒரு அவமானம் கிடையாது. அதைவிடப் பெரிய மன்னிப்பும் எங்களுக்குத் தெரியாது. மரேவே குனிந்தாள். ரூத்தா பூசினாள், ஹெல்மிக்குப் பூசியதைவிடக் கொஞ்சம் அழுத்தியே பூசினாள், உப்பு மணல் தோலில் உறுத்தும்படி. மரேவேக்கு வலித்தது, அவ்வளவு நிம்மதியாகவும் இருந்தது. கண்ணீர் இறங்கி மணலைக் கரைத்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"தொடைக்காத. அதுவா காஞ்சு உதிரணும். உனக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் இளநீர் குடித்தார்கள். ரூத்தா முதல் நாள் சுட்ட மீனை எடுத்து வைத்தாள். ஹெல்மி கடைசியில் கடலில் இறங்கினாள். கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு, கன்னத்து மணல் நனையாமல் முகத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வியாழக்கிழமை விமானம் இருக்கு" என்றாள் மரேவே கிளம்பும்போது. "அப்பா கல்லறைக்குப் போயிட்டு வா. படகுல கெடந்து சாகாத."

"எட போடுவியா?"

"போடாம? பிஷப்புக்கே போட்டிருக்கேன்."

"சத்தமாச் சொன்னே, கொன்னுருவேன்."

"இத்தன வருஷத்துல யாரோடதச் சொல்லியிருக்கேன்?" என்று வண்டியை உதைத்தாள் மரேவே.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் விருந்து முடிந்த லாரி எதிரே வந்தது. தலையில் பூவும் கழுத்தில் பவுடருமாக ஊரே அதில் பாடிக்கொண்டு நின்றது. பௌரோ லாரியை நிறுத்தினான். பின்னால் இருந்த வெள்ளைக்காரியின் கன்னத்தில் மணல் இருப்பதைப் பார்த்து, "அட, முடிச்சாச்சா!" என்றான். அப்புறம்தான் முன்னால் இருந்தவளின் கன்னத்தைப் பார்த்தான். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. லாரிக்கு மேலிருந்து கைத்தாரா எட்டிப் பார்த்தான். மண் பூசியது யார் கை என்று அவனுக்குத் தெரியாதா? தலையிலிருந்த பூவளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

தியெம்திதான் முதலில் வாயைத் திறந்தான். பெண்டாட்டியைக் கேலி செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவன் விட்டதாகச் சரித்திரம் இல்லை. "அம்மா, நீங்க இந்தத் தீவுக்குப் புதுசோ? எந்த நாடு? கூட யாரு, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டான். கேலிதான், ஆனால் குரல் கம்மியிருந்தது.

மரேவே கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"தனியா இல்ல" என்றாள். "என் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கேன்."